காரணம் கேட்காத கடன்

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் போடாதே அக்கா என்றான்.

அவனுக்கு 26 வயது. எட்டாவது படிக்கும்போது மார்பு பெருக்கத் தொடங்கியது. கைனகோமாஸ்டியா என்பார்கள். பருவ வயதுப் பையன்கள் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வற்றிவிடும். இவனுக்கு வற்றவில்லை. உள்ளே இருப்பது வெறும் கொழுப்பு என்றால் உடற்பயிற்சியில் குறையும், சுரப்பித் திசு குறையாது. குற்றாலம் போனால் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு அருவிக்கு ஓடுவார்கள், இவன் துணிமணிக்குக் காவல் இருப்பான். கூச்ச சுபாவம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருடம் ஆபரேஷன் செய்துகொண்டான். வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்காவது தவணைக்குக் கணக்கில் பணம் இல்லாமல் போய், கடன் கம்பெனிக்காரர்கள் என் எண்ணுக்குக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ரெஃபரன்ஸ் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

நான் 12 வருடமாகக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். என் தம்பி, என்னிடம் வராமல், செல்போனில் பத்து நிமிடத்தில் கடன் வாங்கியிருக்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அவன் வாங்கியது வட்டியில்லாத் தவணை. மாதம் 7,500 வீதம் 12 மாதம், மொத்தம் 90,000. ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டாயா என்றேன். கேட்டிருக்கிறான், 80,000 என்றிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பத்தாயிரம் என்ன? வட்டிதான். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 22 சதவீதத்துக்கு மேல் வருகிறது, ஏனென்றால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. அதே 80,000-ஐ 10 சதவீதத்துக்கு நகைக்கடனாக எடுத்து மாதாமாதம் கட்டியிருந்தால் வட்டி 4,400 ரூபாயோடு முடிந்திருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் கடன் கொடுப்பவர்கள் எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டுச் சதவீதத்தை முதலிலேயே எழுதித் தர வேண்டும், ஏபிஆர் என்று போட்டிருக்கும். தம்பியிடமும் அந்தத் தாள் இருந்தது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் பார்க்கவில்லை.

"ஏன்டா என்கிட்ட கேட்கல?" என்றேன்.

"என்னன்னு சொல்லிக் கேட்பேன் அக்கா?"

இந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்க நினைத்தேன். எங்கள் கடன் விண்ணப்பத்தில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. விதை உரம், பிள்ளை படிப்பு, கல்யாணம், வைத்தியம் என்று எழுதுவார்கள். என் உடம்பைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, அதற்காக என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எழுதியதில்லை. அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் காரணம் கேட்காத இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆப் கேட்காது, கிரெடிட் கார்டு கேட்காது. கார்டில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்று சதவீதம், அதற்கு மேலும் போகும். இந்தப் பையன்களும் பெண்களும் அதிக வட்டி கட்டுவது ஆசைக்காக இல்லை, வீட்டில் வாய் திறக்க முடியாததற்காக. பல் வரிசை, மூக்கு, முடி நடுவது, எதுவாக இருந்தாலும் இதே கதைதான். சிரிப்பார்கள் என்று பயந்து தனியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். சிரிப்பது நாம்தான்.

தனியாகப் போனால் விசாரிக்கவும் ஆள் இருப்பதில்லை. மருத்துவச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அழகுக்கான அறுவை சிகிச்சைக்கும் முடி நடுவதற்கும் உண்டு. தம்பியின் பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தார்கள், 80,000க்குள் 12,000க்கு மேல் வரி. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, விபத்துக் காயம் ஆகியவற்றைச் சரிசெய்வதென்றால் அந்த வரி இல்லை. காப்பீடும் கிட்டத்தட்ட அப்படித்தான். அழகு சிகிச்சையைத் தள்ளிவிடுவார்கள், ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பென்றால், அல்லது உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க இது அவசியம் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், காப்பீட்டுப் பணம் கிடைக்க வழி உண்டு. தம்பிக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை, கூடப் போய்க் கேட்க நாங்களும் இல்லை.

இன்னொன்று. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். ஏழைகள் இதற்காகக் கடன் வாங்குகிறார்கள், ஆபத்தான வழிகளுக்குப் போகிறார்கள் என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் சொன்ன காரணம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே வரிசை நிற்கும்போது இது தேவையா என்று பலரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். இன்றைக்குக் கேட்க மாட்டேன். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே ஒரு ஓபி சீட்டு வாங்கிக் காட்டுங்கள். செய்ய மாட்டோம் என்று சொன்னாலும், உங்களுக்கு இது தேவையா என்று எதையும் விற்காத ஒரு மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், காசு குறைவு என்று கண்ட இடத்தில் படுத்துவிடாதீர்கள். 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவரே இறந்துபோனார். செய்பவர் பதிவுபெற்ற மருத்துவரா, மயக்க மருந்து யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

தம்பியின் மீதித் தவணைகளை என் இரண்டு வளையலை வைத்து அடைத்துவிட்டோம். முன்கூட்டி அடைப்பதற்கும் ஒரு கட்டணம் பிடித்தார்கள். இப்போது மாதாமாதம் என்னிடம் தருகிறான். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வலிச்சுதாமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

யாரிடமாவது இப்படி ஒரு கொட்டேஷன் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். உண்மையான வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். எதற்காக என்று கேட்க மாட்டேன்.