குதிரை அதே குதிரைதான்

செப்புத் தகட்டுல வெட்டி தாள்ல அடிச்ச பழைய ராஜா படங்களப் பத்தி வந்த அந்த கமெண்ட்ட எல்லாரும் பார்த்திருப்பீங்க. "பெயிண்டிங் வாங்க வக்கில்லாதவனுக்குப் போட்ட ஜெராக்ஸ், இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்"னு. 40 பேர் சிரிச்சு வெச்சிருக்கீங்க. சந்தோஷம்.

ஜெராக்ஸ் இல்லீங்க. இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ 1633ல குதிரை மேல உக்கார வெச்சு வான் டைக் வரைஞ்சார், 12 அடி உயரம். அத அப்போ பாக்கணும்னா அரண்மனைக்குள்ள போகணும், உங்களையும் என்னையும் விட்டிருப்பாங்களா? தாள்ல அடிச்ச ராஜாதான் ஊர் ஊரா போனார். அதே மாதிரி குதிரைய பியேர் லோம்பார் செப்புத் தகட்டுல வெட்டினார். அந்த ஒரே தகட்டுல ராஜாவ எதிர்த்து ஆட்சியப் பிடிச்ச குரோம்வெல் தலை, பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயி தலை, சார்லஸ் தலை எல்லாம் மாத்தி மாத்தி வந்திருக்கு, தலையே இல்லாம ஒரு பிரிண்ட்டும் இருக்கு. 1649ல தலை போன சார்லஸும், அந்த மரண உத்தரவுல கையெழுத்து போட்ட குரோம்வெல்லும் ஒரே குதிரை, ஒரே கவசம். பவர் மூஞ்சிலயா இருந்துச்சு?

"காசுள்ளவன்தானே வாங்கினான்"னு வருவீங்க. சரி, ஒத்துக்கறேன். அவன்கிட்டதானே காட்டணும்! சர்ச்சுல பெரிய பதவில இருந்த கார்டினல் ஆல்பிரெக்ட் 1519ல ஜெர்மன் ஓவியர் டியூரர்கிட்ட தன் படத்த வெட்டச் சொல்லி தகட்டோட 200 பிரதி வாங்கினார். உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு, அதுக்குள்ள குடும்பச் சின்னம், வரிசையா பட்டப்பேரு. கூலி 200 தங்கக் காசு, அங்கி தைக்க 20 முழம் பட்டு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு யாராச்சும் பட்டு எடுத்துக் குடுத்திருக்கீங்களா?

எங்கப்பா பாத்திரக் கடைல பேர் வெட்டினவர். சின்ன உளி, சுத்தி, டொக் டொக்னு நாள் பூரா. ஒரு தடவ மாப்பிள்ளை வீட்டு இனிஷியல மாத்தி வெட்டிட்டார், அண்டா காச அவர் தலைல கட்டிட்டாங்க. அது இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு, யாரோ பேரோட. நேரா வெட்டுறதுக்கே அந்தப் பாடு, தாள்ல நேரா விழணும்னா செம்புல இடவலம் மாத்தி வெட்டணும், அதுவும் ராஜாவோட கண்ண. "கிறுக்குறதுக்கு இவ்ளோ காசா"னு அப்பாகிட்ட கேட்டவங்க குரல்தான் எனக்கு அந்த கமெண்ட்ல கேட்டுச்சு.

எமோஷனல் ஆகுறேன்னு இன்பாக்ஸ்ல ஒரு அண்ணன். ஆமா, ஆகுறேன். 1660லயே, செதுக்குறவன் கலைஞன், கில்ட்னு சொல்ற தொழில் சங்கத்தோட கட்டுப்பாடு அவனுக்குக் கிடையாதுன்னு 14ஆம் லூயி உத்தரவு போட்டுட்டார், உங்களுக்கு இன்னும் ஜெராக்ஸ்.

கமெண்ட் போட்டவரோட புரொஃபைல் போட்டோவும் பார்த்தேன். புல்லட் மேல கூலிங் கிளாஸ் போட்டு கம்பீரமா உக்காந்திருக்கார். வண்டி யாரோடதோ.