மணலா சிமெண்டான்னு கேக்காதீங்க, கடல் எப்போ இறங்குதுன்னு கேளுங்க

கடலோரமா ஜாகிங் போகப்போறேன்னு சொன்னாலே போதும், நாலு பேர் ஓடி வந்து ஒரே அட்வைஸ்தான் குடுப்பாங்க, "மணல்ல ஓடு, முட்டிக்கு நல்லது, சிமெண்ட் பாதையில ஓடுனா முட்டி போயிடும்". இத என்னால ஒத்துக்கவே முடியல. புதுசா ஓட ஆரம்பிக்கிறவங்க இத நம்பி முதல் நாளே காஞ்ச மணல்ல இறங்கி, மறுநாள் மாடிப்படி ஏற முடியாம உக்காந்து, ஓடுறதே நமக்கு ஒத்துவராதுன்னு விட்டுடறாங்க. அதப் பாக்கறப்ப நிஜமாவே வருத்தமா இருக்கு.

நம்ம கால் ஒண்ணும் மரக்கட்டை இல்லங்க. தரை கெட்டியா இருந்தா முட்டிய கொஞ்சம் அதிகமா மடக்கி அதிர்ச்சிய வாங்கிக்கும், தரை மெத்துனு இருந்தா தானாவே விறைப்பா நிக்கும். தரைக்குத் தகுந்த மாதிரி கால் தன்னை மாத்திக்குதுன்னு 1990கள்லயே அளந்து பாத்து சொல்லிட்டாங்க. அதனால நல்ல ஷூ போட்டு, தூரத்தை மெதுவா கூட்டிட்டுப் போறவங்களுக்கு சிமெண்ட் பாதை எதிரி இல்ல. மணல் கதை வேற. 1998ல வந்த ஒரு ஆய்வுல மணல்ல ஓடுறதுக்கு கெட்டித்தரைய விட 1.6 மடங்கு சக்தி செலவாகுதுன்னு கணக்கு போட்டாங்க. ஒவ்வொரு அடிக்கும் கால் புதையுது, உந்தி எழும்பறப்ப மணல் பின்னாடி வழுக்கிட்டுப் போகுது, நம்ம போடுற பலத்துல ஒரு பங்கு மணலைத் தள்ளுறதுக்கே போயிடுது, அந்த வேலையெல்லாம் கெண்டைக்கால் தலையிலயும் குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் தலையிலயும்தான் விழுது.

உடனே ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ஹெர்ப் எலியட் பேர சொல்லுவாங்க. உண்மைதான், ஆஸ்திரேலியாவுல போர்ட்ஸீங்கிற இடத்துல பெர்சி செருட்டிங்கிற கோச் அவரை மணல்மேட்டுல திரும்பத் திரும்ப ஏறி ஓட வெச்சார், 1960 ரோம் ஒலிம்பிக்ல 1500 மீட்டர்ல 3 நிமிஷம் 35.6 செகண்டுல உலக சாதனையோட தங்கம் வாங்கினார். ஆனா அதுலயிருந்து தெரியறது என்ன? மணல் கடுமையான பயிற்சிங்கிறதுதானே. முட்டி வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு அதையே எப்படிங்க மருந்தா எழுதிக் குடுக்கறீங்க?

அப்ப மணல் பக்கமே போகக்கூடாதான்னா, அய்யோ, கண்டிப்பா போங்க. எந்த மணல்ங்கிறதுதான் விஷயம். அலை வந்து நனைச்சுட்டுப் பின்வாங்கிப் போன அந்த ஈரப்பட்டை இருக்கு பாருங்க, அதுல ஓடுற சுகம் வேற எங்கயும் கிடைக்காது, பாத்து ஓடுனா வெறுங்கால்லயே கொஞ்ச தூரம் போகலாம். எங்க கெட்டியா இருக்குன்னு காலடியப் பாத்தே கண்டுபிடிச்சுடலாம். காலை ஊன்றுன உடனே பாதத்தைச் சுத்தி மணல் சட்டுனு வெளுத்து, ஒரு நொடி காஞ்சு போன மாதிரி தெரியும். நெருக்கமா அடுக்கியிருக்கிற மணல் துகளை அழுத்தறப்ப அதுங்க ஒண்ணை ஒண்ணு தள்ளி இடைவெளி பெருசாகும், மேல இருக்கிற தண்ணி அந்த இடைவெளிக்குள்ள இறங்கிடும், அதான் அந்த வெளுப்பு. 1885லயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி இதுக்கு விளக்கம் குடுத்துட்டார். அப்படி வெளுத்தா அந்த மணல் தாங்கும், தைரியமா ஓடலாம். அதுக்குப் பதிலா காலைச் சுத்தி தண்ணி ஊறி மேல வந்து கூழ் மாதிரி கலங்குனா, கொஞ்சம் மேல ஏறிப் போயிடுங்க.

ஆனா இந்தப் பட்டை எப்பவும் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது, இங்கதான் முக்கியமான விஷயம் வருது. கடல் ஏறியிருக்கிற நேரத்துல போனீங்கன்னா மிஞ்சுறது மேல இருக்கிற காஞ்ச மணலும் அந்தச் சரிவும்தான். சரிவுல ஓடுனா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல, ஒரு கால் மேட்டுல, கொஞ்ச நாள்ல இடுப்புலயும் முட்டியோட வெளிப்பக்கத்துலயும் வலி எட்டிப் பாக்கும். (போறப்ப மணல், வரப்ப பாதைன்னு நிறைய பேர் ஓடறாங்க, அதுல சரிவோட பாரம் ஒரே காலுக்குப் போகுது, மணல்ல எவ்வளவு தூரம் போறீங்களோ அவ்வளவு தூரம் மணல்லயே திரும்பி வந்துடுங்க.)

பெரும்பாலான கடற்கரைகள்ல கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஏழு நாளைக்கு கணக்கு போடுங்க, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு நல்லா வத்தி அகலமா விரிஞ்சு கிடந்த கரை, அடுத்த ஞாயித்துக்கிழமை அதே ஆறு மணிக்கு தண்ணிக்குள்ள இருக்கும்! "போன வாரம் சூப்பரா இருந்துச்சு, இந்த வாரம் என்னமோ ஓடவே முடியல"ன்னு உடம்பைக் குறை சொல்றவங்க எத்தனை பேர், உடம்புல ஒண்ணுமே இல்லங்க, நிலாதான் காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் அதிகம் இறக்கமும் அதிகம், அப்ப வத்துற நேரம் பாத்துப் போனா இருக்கிறதுலயே அகலமான, சமமான கரை கிடைக்கும். சில கடல்ல இந்த ஏத்த இறக்கம் ரொம்பக் கம்மி, அங்க அலையை மட்டும் பாத்தா போதும்.

மத்த நேரத்துக்கெல்லாம் பாதை இருக்கவே இருக்கு. வெயில் ஏற ஏற கடல்காத்து பலமாகும், அதனால எதிர்காத்துல கிளம்பி, களைச்ச பிறகு பின்காத்துல திரும்பற மாதிரி வெச்சுக்கோங்க. வளைவுல சிமெண்ட் மேல மெல்லிசா மணல் படிஞ்சிருக்கும், அங்க வேகத்தைக் குறைங்க, இல்லன்னா ஷூ சறுக்கிடும். ஈரக்காத்துல வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, அதனால வாட்ச் காட்டுற வேகத்தைப் பாத்து மனசை விட்டுடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். குறுக்கு வழின்னு மணல்மேட்டு மேல ஓடாதீங்க, ப்ளீஸ். அங்க படர்ந்து கிடக்குதே அடம்பங்கொடி, ராவணன் மீசை, அதுங்க வேர்தான் அந்த மணலைப் பிடிச்சு வெச்சிருக்கு, தினம் நாலு பேர் மிதிச்சாலே கொடி பட்டுப்போய் அந்த இடத்துல காத்து மணலை வாரிட்டுப் போயிடும்.

கடலோரப் பாதை போடறவங்ககிட்டயும் ஒண்ணு கேக்கறேன். இத்தனை கிலோமீட்டர்னு பலகை வெக்கறீங்க, கலோரி கணக்குகூட எழுதறீங்க. பாதையிலயிருந்து மணலுக்கு இறங்குற படிக்கட்டு ஒவ்வொண்ணுலயும் இன்னைக்கு கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வத்தும்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. வருஷம் முழுக்க உள்ள நேரத்தை முன்கூட்டியே கணிச்சு வெச்சிருக்காங்க, எடுத்து ஒட்டுறது மட்டும்தான் பாக்கி.