அண்ணனை ஏன் அழைத்து வரவேண்டும்?

சைகை மொழியில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண்ணின் சாட்சியத்துக்கு, சைகை மொழிபெயர்ப்பாளர் வராததால் மீண்டும் வாய்தா கொடுத்ததைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. வாய்தாவைவிட என்னைச் சுட்டது, அந்தச் செய்தியின் கீழே நம் நண்பர் ஒருவர் எழுதிய யோசனை: “அண்ணன் இருக்கிறாரே, அவர் கூட வந்து எடுத்துச் சொல்லியிருக்கலாமே.” அந்தப் பெண்ணின் புகாரே அந்த அண்ணன் மீதுதான் என்பதைப் படித்த பிறகுதான் இதை எழுதினீர்களா?

சாட்சி சொல்பவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியத்தைப் பதிவு செய்வதற்கான வசதிகளை அரசுதான் செய்து தரவேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று அதில் எங்கும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. எனக்குப் பார்வை இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியும். பாகப்பிரிவினை வழக்கில் என் உறவினர்கள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக, அதாவது வெறும் படமாக வந்தது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பக்க எண்களைச் சொன்னதே தவிர ஓர் எழுத்தையும் படிக்கவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், “கூட யார் வந்திருக்கிறார்கள்?” என்றார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் என் கட்டைவிரலைப் பிடித்து ஸ்டாம்ப் பேடில் அழுத்திவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் வாசித்தார். என்னைப் பற்றி எவ்வளவு மோசமாக எழுதியிருந்தார்கள் என்பதை, அவர் தயங்கித் தயங்கி நிறுத்திய இடங்களிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

“நீதிமன்றங்களுக்கு ஆயிரம் வேலை, மொழிபெயர்ப்பாளர்களும் குறைவு” என்பீர்கள். குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017-இல். இன்னும் எத்தனை காலம் குறைவாகவே இருப்பார்கள்? “இலவச சட்ட உதவி உண்டே” என்பவர்களுக்கு: உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே அதைத் தருகிறது. எனக்கு வந்த வழக்கறிஞரும் நல்லவர்தான். என்ன, என் வழக்கைப் பற்றி என்னுடன் வந்தவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாற்றுத்திறனாளி சொன்னது என்பதற்காகவே ஒரு சாட்சியத்தை மட்டமாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. மட்டமாகக் கருதுவதற்காவது முதலில் அதைக் கேட்க வேண்டாமா?

எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறேன் என்று உள்பெட்டியில் வருத்தப்பட்ட நண்பரே, உங்கள் சொத்து வழக்கில் நீங்கள் சொல்ல வேண்டியதை எதிராளியே சொல்ல, அதை நீதிபதி எழுதிக்கொண்டால் சம்மதிப்பீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கைகூப்பும் பொம்மைகள் வேண்டாம்.