லட்டைத் தின்ற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த லட்டு வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று என்று சொல்லிக் கண்ணெதிரே வைத்த லட்டை நான்கு வயதுப் பிள்ளை தின்றுவிட்டது. அதற்கு அவனை மைக் முன்னால் நிறுத்தி, "பொறுமை இல்லாத பையன்" என்று சொல்லிச் சபையையே சிரிக்க வைத்திருக்கிறார்கள். அவன் தின்றதில் தவறே இல்லை.

"அமெரிக்காவில் செய்த சோதனைதானே?" என்கிறார்கள். ஆமாம், 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் தொடங்கியது. கண்முன் வைத்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொரு மிட்டாய். அவர் எந்தப் பிள்ளையையும் மேடையேற்றிக் கேலி செய்யவில்லை. 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழு வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், பாதிப் பேரை ஏமாற்றினார்கள். அதன் பிறகுதான் மிட்டாயை வைத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தன. ஏமாறாத பிள்ளைகள் 12 நிமிடம்.

எனக்கு இது ஆய்வைப் படித்துத் தெரிந்ததல்ல. ஏற்காட்டு மலைக் கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். மழைக்காலத்தில் பாதை கெட்டு முட்டை வராது. நாளைக்கு வந்துவிடும் என்பார்கள், நாளைக்கும் வராது. ஒருவழியாக வந்த அன்று ஒரு சிறுமி முழுதாக உரிக்கக்கூடப் பொறுக்காமல், ஓட்டுத் துணுக்கோடு வாயில் போட்டுக்கொண்டாள். உதடெல்லாம் மஞ்சள் கரு. இன்னொரு கை தட்டை மூடியபடியே இருந்தது. அவளைப் பொறுமை இல்லாதவள் என்பீர்களா? பெரியவர்கள் சொன்னது நடக்கும் என்று அவள் எதை வைத்து நம்புவாள்?

"அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா, நாளைக்குச் சர்க்கரை நோய் வரட்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் அதைக் கெடுப்பது யார்? போதும் என்று முகத்தைத் திருப்பும் பிள்ளையின் தாடையைப் பிடித்து, கைப்பேசியில் பாட்டைப் போட்டு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று திணிப்பது யார்? 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் தட்டில் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டன. ஐந்து வயதுப் பிள்ளைகள் கூடுதலாக வைத்தால் கூடுதலாகச் சாப்பிட்டன. வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளையைத் தட்டைப் பார்த்துச் சாப்பிட வைத்தது நாம்தான். நடைப்பயிற்சி முடிந்த கையோடு தட்டுவடை செட் கடையில் வரிசையில் நிற்கும் நீங்களா நான்கு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை கற்றுத்தரப் போகிறீர்கள்?

சும்மா விளையாட்டுக்கு என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளை அழுதது வீடியோவிலேயே தெரிகிறது.

ஆனால் ஒருவர் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் என்று தெரிந்ததும், "மலையிலிருந்து வந்ததுகள் அப்படித்தான் அள்ளும்" என்று எழுதியிருக்கிறார். மெத்தப் படித்தவர். 2018இல் அதே மிட்டாய்ச் சோதனையை 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி அலசினார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது, காத்திருந்ததற்கும் பின்னாளில் நன்றாகப் படித்ததற்கும் இருந்த தொடர்பு பெரிதும் குறைந்துபோனது. வீட்டில் எப்போதும் தின்பண்டம் இருக்கும் பிள்ளை காத்திருப்பது பெரிய விஷயமா? அந்தத் தோட்டத்துத் தாய்மார்கள் கொட்டும் பனியில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து, தங்கள் பங்கையும் பிள்ளைக்கு ஊட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நான். "வந்தவர்கள்" என்றுகூட எழுதத் தெரியாதவரா, "வந்ததுகள்" என்று எழுதுகிறார்?

அவரை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். யாரும் அவருக்காகப் பரிந்துகொண்டு உள்பெட்டிக்கு வர வேண்டாம்.