தொட்டியா தரையா என்று சட்டம் பார்ப்பதில்லை
'கஞ்சாவைத் தரையில் பயிரிட்டால்தான் குற்றம். மாடியில் தொட்டியில் ஒன்றிரண்டு செடி வைத்தால் சட்டத்தில் வராது' என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு விலக்கு இல்லைங்க.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8(பி) பிரிவு 'எந்தக் கஞ்சாச் செடியையும்' பயிரிடத் தடை விதிக்கிறது. தொட்டி, தரை, எண்ணிக்கை என்ற பேச்சே அதில் கிடையாது. பிரிவு 20(ஏ)படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம்.

குழப்பத்துக்குக் காரணம், 'கஞ்சா' என்பதன் விளக்கத்தில் பூ, காய் நுனி இல்லாத தனி இலை சேராது என்பதாக இருக்கலாம் (இலையில் செய்யும் 'பாங்' என்ற போதைப்பொருளை விற்பது அப்படித்தான்). ஆனால் பயிரிடத் தடை 'கஞ்சாச் செடி'க்கு; அதற்குத் தனி விளக்கம் உண்டு. உத்தராகண்டில் தொழிற்சாலை நாருக்காக வளர்ப்பதும் அரசு உரிமம் பெற்றுத்தான்.

'இந்தியா கோடு' அரசுத் தளத்தில் சட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. 2, 8, 20 பிரிவுகளை மட்டும் வாசித்தால் போதும்.