கொள்கைய மட்டும் பாத்தா ஓட்டு போடுறாங்க?

அமெரிக்க பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற உள்தேர்தல்ல, ஜனங்க கொள்கைய பாத்துத்தான் ஆள முடிவு பண்றாங்கன்னு ஒரு கட்டுரையில இருக்கு, எனக்கு பாதிதான் சரின்னு படுது. 2020 டெமாக்ரடிக் பிரைமரிய எடுத்துக்கோங்க, அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மூணு மாநிலத்துலயும் பைடன் தோத்தாரு, ஆள் அவ்ளோதான்னு நிறைய பேரு கை கழுவிட்டாங்க, அப்புறம் சவுத் கரோலினால அந்த ஊரு கறுப்பின எம்.பி. கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு குடுத்தாரு பாருங்க, கறுப்பின வோட்டர்ஸ், அதுவும் வயசானவங்க, அப்படியே பைடன் பக்கம் சாஞ்சுட்டாங்க. நிறைய பேருக்கு கணக்கு சிம்பிள், ட்ரம்ப்ப யாரு தோக்கடிப்பா? மனசுக்குப் பிடிச்ச ஆள் வேற, ஜெயிக்கிற ஆள் வேற. அந்த 2020 அயோவா காகஸ், அதாவது ஜனங்க ஒரு எடத்துல கூடி ஆதரவ நேர்ல காட்டுற கூட்டம், இன்னும் கூத்து, பெரும்பாலான எடத்துல நம்ம ஆளுக்கு 15 சதவீதம் தேறலன்னா, ஓட்டு வீணாகாம இருக்க வேற ஆள் கூட்டத்துக்கு போய் நிக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் பக்கத்து வீட்டுக்காரன் பாக்க பாக்க!