அழுத கதை போதும், நடிச்ச கதையைச் சொல்லுங்க

போன்ல பழைய இந்தி நடிகை மதுபாலா பேரைத் தமிழ்ல தட்டிப் பாருங்க, என்ன வந்து விழுதுன்னு. காதல்ல ஏமாந்த பேரழகி, கண்ணீரோட கடைசி நாட்கள், 36 வயசுல நடந்த கொடுமை. எல்லாத் தலைப்பும் இந்த ரகம்தான். படத்துல ஒரு சிவப்பு அம்புக்குறி, கன்னத்துல ஒட்டவச்ச கண்ணீர்த் துளி, பின்னாடி சோக ஷெனாய். பத்து நிமிஷம் மூச்சுவிடாமப் பேசுறாங்க. அந்தப் பத்து நிமிஷத்துல அந்தம்மா நடிச்ச ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி பத்தி ஒரு வார்த்தை கிடையாது. யாரைக் காதலிச்சாங்க, அப்பா எப்படிக் குறுக்க நின்னார், யாரைக் கட்டிக்கிட்டாங்க, எப்படிச் செத்தாங்க. அதோட முடிஞ்சது. கீழ வரிசையா "பாவம்"னு எழுதிட்டுப் போறாங்க. பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

அவங்களுக்குப் பிறவியிலேயே இதயத்துல ஓட்டை இருந்தது உண்மை. 1969 பிப்ரவரியில 36 வயசு முடிஞ்ச கையோட போயிட்டாங்க. அதை மறைக்கச் சொல்லல. ஆனா 'மஹல்' வந்த 1949-ல அந்தப் பொண்ணுக்கு வயசு 16. அங்கேருந்து 'முகல்-ஏ-ஆஸம்' வரைக்கும் அவங்க செஞ்ச வேலைக்கு என்ன கணக்கு? 'சல்தி கா நாம் காடி'யில வர்ற "ஏக் லட்கீ பீகீ பாகீ ஸீ" பாட்டை எடுத்துக்கோங்க. ராத்திரி, மழை, வண்டி நின்னுபோய் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிக்குறாங்க. கிஷோர் குமார் கையில கிடைச்ச ஸ்பேனரைத் தட்டித் தட்டிப் பாடுறார். பாட்டு முழுக்க அந்தம்மாவுக்கு ஒரு வரிகூட இல்ல. நனைஞ்ச புடவையோட நிக்கணும். எரிச்சல்படணும். அந்த எரிச்சலுக்கு அடியில சிரிப்பு முட்டிக்கிட்டு வர்றது நமக்குத் தெரியணும், எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியக் கூடாது. மொத்தப் பாட்டையும் அந்த முகத்தை வச்சே தாங்கியிருக்காங்க. அந்த முகத்தை எடுத்துட்டா, ஒரு ஆள் நடுராத்திரியில தனியா இரும்பைத் தட்டிக்கிட்டு இருக்கான், அவ்வளவுதான் மிச்சம். இந்தப் பாட்டு இன்னைக்கு எந்தப் பேர்ல உலாத்துது? கிஷோர் குமார் ஹிட்ஸ்!

சாவை இவ்வளவு உருகி உருகிச் சொல்றாங்களே, மும்பை ஜூஹு இடுகாட்டுல இடம் பத்தலன்னு 2010-ல அவங்க கல்லறையையே இடிச்சுட்டாங்கங்கறதை எத்தனை பேர் சொல்றாங்க? முகமது ரஃபி கல்லறையும் அதுலதான் போச்சு. கோவப்பட வேண்டிய அந்த இடத்துக்கு வந்தா ஒருத்தனுக்கும் குரல் எழும்பல.

மீனா குமாரிக்கு நடக்குறது இதைவிட மோசம். கல்யாண வீட்டுல, ஆபீஸ்ல, எங்க பழைய இந்திப் படப் பேச்சு வந்தாலும் ஒருத்தர் கண்ணடிச்சுச் சொல்லுவார்: "அதுங்க, அந்தம்மா நிஜமாவே குடிக்கும், அதான் 'சாஹிப் பீபி அவுர் குலாம்'ல அப்படி வந்துச்சு." இதைக் கேக்கறப்பல்லாம் எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. அப்படின்னா நடிப்புன்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லையா? குடிச்சவங்க எல்லாரும் கேமரா முன்னாடி நின்னா, அந்தப் படத்துல அவங்க செஞ்ச சோட்டி பஹூ ஆயிடுவாங்களா?

அந்தப் படத்தை ஒழுங்காப் பாருங்கய்யா. ஜமீன் வீட்டு மருமக. புருஷன் ராத்திரியானா தாசி வீட்டுக்குப் போறவன். அவனை வீட்டுல நிறுத்தறதுக்காகவே குடிக்கக் கத்துக்கிறா. முதல் வாய் உள்ள போறப்போ அந்த முகத்துல இருக்குற அருவருப்பு இருக்கே, அது ஒரு கட்டம். அப்புறம் "ந ஜாவோ ஸையா(ன்)" பாட்டு. போதையில புருஷனைப் போகாதேன்னு கெஞ்சுறா. கண்ணு சொருகுது, வாய் கொஞ்சுது, ஆனா அந்தக் கொஞ்சலுக்கு நடுவுல இவன் எப்படியும் போயிடுவான்னு தெரிஞ்ச ஒரு பயம் வந்து வந்து போகுது. கடைசிப் பகுதியில குடி அவளை முழுசாப் பிடிச்சுக்கிச்சு, அப்பவும் பெரிய வீட்டு மருமகங்கற நிமிர்வு உடம்பை விட்டுப் போகல. மூணு கட்டத்துலயும் மூணு விதமான போதை, மூணு விதமான குரல். கீதா தத் பாட்டுல கொண்டுவந்த குழைவை, பேசுற குரல்லயும் அறுபடாமக் கொண்டுபோறாங்க. இதெல்லாம் பாட்டில் சொல்லிக் கொடுக்குமா? 1939-லயே, ஆறு வயசுல, குழந்தை நட்சத்திரமா கேமரா முன்னாடி கொண்டுவந்து நிறுத்தப்பட்டவங்க அவங்க. இருபது வருஷத்துக்கு மேல செஞ்ச உழைப்பு அது.

இந்தப் படம் வந்த வருஷத்து ஃபிலிம்ஃபேர் விருதுல சிறந்த நடிகைக்கான பரிந்துரை மூணு. மூணும் மீனா குமாரி! 'ஆர்த்தி', 'மே சுப் ரஹூங்கி', 'சாஹிப் பீபி அவுர் குலாம்'. போட்டிக்கு வேற ஆளே இல்ல. இதுல நடுவுல சொன்ன படம் நம்ம 'களத்தூர் கண்ணம்மா'. அதே ஏவிஎம், அதே ஏ. பீம்சிங். நம்ம சாவித்திரி செஞ்ச வேஷத்தை இந்தியில செஞ்சவங்க மீனா குமாரி. ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்தை எப்படி எப்படிக் கையாண்டாங்கன்னு பேச இங்க எவ்வளவு இருக்கு! நாம என்ன செய்யறோம்? ரெண்டு பேரையும் ஒரே வீடியோவுல போட்டு, குடியால அழிஞ்ச நடிகைகள்னு தலைப்பு வைக்கிறோம். வெக்கமா இருக்கு.

சரி, பாட்டு கேக்கறவங்களாவது யோக்கியமா? "லக் ஜா கலே"வைப் பாடாத ரியாலிட்டி ஷோ இல்ல, ரீல்ஸ் இல்ல. லதா பாட்டு, மதன் மோகன் மெட்டு. ரெண்டும் சத்தியமான பேச்சு, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். ஆனா திரையில இருக்குறது யாரு? சாதனா. 1964, 'வோ கௌன் தி'. எதிர்ல நிக்குறவன் இவ பொண்ணா பேயான்னு தெரியாமக் குழம்பிக்கிட்டு இருக்கான். இவ அவனைப் பாத்து, இந்த ராத்திரி திரும்ப வருமோ வராதோ, அணைச்சுக்கோன்னு பாடறா. அந்தப் பார்வையில காதல் இருக்கணும், அவன் சந்தேகத்துக்கும் இடம் இருக்கணும். ஒரு இழை கூடினாலும் படத்தோட மர்மம் அங்கேயே உடைஞ்சு போயிடும். இதைக் காப்பாத்தினவங்களைப் பத்தி ஜனங்களுக்குத் தெரிஞ்சது என்ன? சாதனா கட். நெத்தியில விழுற முடி! பார்லர்ல சொல்றதுக்கு ஒரு பேரா மட்டும் அவங்க மிஞ்சியிருக்காங்க.

இன்னொண்ணு இருக்கு, இது வேற விதமான அநியாயம். பழைய படத்தைப் புது டிவிக்கு ஏத்த மாதிரி ஆக்குறேன்னு மேலயும் கீழயும் வெட்டிடறாங்க. அந்தக் காலப் படங்கள்ல பெரும்பாலானது ஏறக்குறைய 4-க்கு 3 அளவுல எடுத்தது. அதை 16-க்கு 9 திரை முழுக்க நிரப்பணும்னா உயரத்துல கால் பங்கு போயிடும். கால் பங்குன்னா என்ன? ஆடறவங்க பாதம். நாட்டியம் படிச்சவங்க பாதத்தை அறுத்துட்டு நாட்டியம் காட்டறாங்க! 'கைட்' படத்துல வஹீதா ரஹ்மான் பாம்பாட்டிங்க இருக்குற இடத்துக்குப் போற காட்சி. முதல்ல சும்மா உக்காந்து பாக்குறா. பாத்துக்கிட்டே இருக்கறப்போ உடம்பு கேக்க மாட்டேங்குது. எழுந்துடறா. அப்புறம் வெறி பிடிச்ச மாதிரி ஆட்டம், விழுற வரைக்கும். புருஷன் பூட்டி வச்சிருந்தது மொத்தமும் அந்த ஆட்டத்துல வெளிய வருது, வசனமே இல்ல. அந்தக் காட்சியோட உயிரே காலுலதான் இருக்கு. வெட்டிப் போட்ட பிரதியில இடுப்புக்கு மேல மட்டும் பாத்துட்டு, நல்லாத்தான் ஆடுறாங்கன்னு சொல்லிட்டுப் போறான் பையன். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?

வஹீதா செங்கல்பட்டுல பிறந்தவங்க. பரதம் படிச்சு, தெலுங்குல 'ரோஜுலு மாராயி', தமிழ்ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்'னு ஒத்தப் பாட்டுக்கு ஆடிட்டு பம்பாய் போனவங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வயசு பத்தாம அம்மா போட வேண்டியிருந்தது. அந்த வயசுல, பேரை மாத்திக்கோன்னு பெரிய பெரிய ஆளுங்க சொன்னப்போ, இது எங்கப்பா அம்மா வச்ச பேர், மாத்த முடியாதுன்னு நின்னாங்க. பிடிக்காத உடுப்பைப் போட மாட்டேன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கினாங்க. 1950-கள்ல! அது போதாதுன்னு 1965-ல அதே 'கைட்'ல புருஷனை விட்டு வெளியேறுற ரோஸியை எடுத்துச் செஞ்சு, அதுக்கே ஃபிலிம்ஃபேரும் வாங்கினாங்க. இவ்வளவு முதுகெலும்பு உள்ள மனுஷியைப் பத்தி நம்மாளு கேக்குற ஒரே கேள்வி: இயக்குநர் குரு தத்தோட காதல் விஷயம் உண்மையா? 2023-ல பால்கே விருது அறிவிச்சப்பகூட இதே கேள்விதான் என் போனுக்கு வந்துச்சு. வாழ்த்துச் செய்திக்குக் கீழயே அந்தக் கிசுகிசுவும் சேந்து வந்துச்சு.

நர்கீஸ்னா 'மதர் இந்தியா' படப்பிடிப்புல நடந்த தீ விபத்து. சுனில் தத் பாய்ஞ்சு காப்பாத்தினார், கல்யாணம் பண்ணிக்கிட்டார், சுபம். சுனில் தத்தும் நர்கீஸும் ஒரே 1929 ஜூன் மாசத்துல பிறந்தவங்க. 'மதர் இந்தியா'வுல அவருக்கு இவங்க அம்மா! புதுப் பொண்ணாவும் வந்து, தன் வயசு ஆளுக்குத் தாயாவும் கிழவியாவும் ஒரே படத்துல நின்னுருக்காங்க, 30 வயசு ஆகறதுக்கு முன்னாடி. கார்லோவி வாரி திரைப்பட விழாவுல சிறந்த நடிகைன்னு பரிசு கொடுத்தாங்க. தீயை அணைக்கவே மாட்டேங்கறாங்க நம்மாளுங்க, இதை எங்கேருந்து பேசறது.

வயசுன்னு வந்ததும் நூதன் ஞாபகம் வருது. 1957-ல 'பேயிங் கெஸ்ட்'ல தேவ் ஆனந்தோட ஜோடி. அதே 1957-ல பிறந்த டினா முனீம் 1978-ல தேவ் ஆனந்துக்கு ஜோடியா வர்றாங்க. அந்த 1978-ல நூதன் வினோத் கன்னாவை வளர்க்குற அம்மா. தேவ் ஆனந்தைவிட 13 வயசு சின்னவங்க! வஹீதாவுக்கும் இதே கதி. 1976-ல அமிதாபுக்குப் பொண்டாட்டி, ரெண்டே வருஷத்துல 'திரிசூல்'ல அவருக்கே அம்மா. அதுல பாருங்க, நூதன் அந்த அம்மா வேஷத்துக்கே சிறந்த நடிகை விருதை வாங்கிக் காட்டினாங்க. அஞ்சாவது தடவை.

நூதனுக்குப் பெரிய காதல் கதை எதுவும் சந்தையில ஓடல, அதனால அவங்களை மறந்தே போயிட்டாங்க. நான் யார்கிட்ட வேணும்னாலும் கேக்கறேன், 'பந்தினி'யில அந்த விஷம் வைக்குற காட்சிக்குச் சமமா ஒண்ணு காட்டுங்க. தன்னைக் கைவிட்டவனோட பொண்டாட்டிக்குத்தான் தான் பணிவிடை செஞ்சுக்கிட்டு இருக்கோம்னு, நூதன் செஞ்ச கல்யாணிக்குத் தெரியவருது. அப்பாவும் செத்துப்போன சேதி வந்தாச்சு. வெளிய இரும்படிக்குற சத்தம். வெல்டிங் வெளிச்சம் முகத்துல விழுந்து விழுந்து அணையுது. நூதன் அழல, பல்லைக் கடிக்கல, வசனம் பேசல. சும்மா இருக்காங்க. அந்த வெளிச்சம் அணைஞ்சு திரும்ப எரியற ஒவ்வொரு தடவையும் அதே முகம்தான், ஆனா உள்ள இருக்குற ஆள் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே போறா. டீயில விஷத்தைக் கலக்குற கை அதுக்கப்புறம்தான் வருது. நமக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. இயக்கின பிமல் ராய் பேரைச் சொல்றாங்க, இசையமைச்ச எஸ்.டி. பர்மன் பேரைச் சொல்றாங்க, குல்ஸார் முதல் பாட்டு எழுதின படம்னு சொல்றாங்க. அந்த முகத்துக்குச் சொந்தக்காரி பேரைச் சொல்ல மட்டும் வாய் வரல!

பாட்டை ஏத்தறவங்க, பாட்டுப் போட்டி நடத்தறவங்க, ஞாயித்துக்கிழமை சிறப்பு நிகழ்ச்சி போடறவங்க எல்லாருக்கும் சொல்றேன். பாடினவர், மெட்டுப் போட்டவர், எழுதினவர் பேரைப் போடற அதே வரியில நடிச்சவங்க பேரையும் போடுங்க. கீதா பாலி, நிம்மி, நளினி ஜெயவந்த், நந்தா, எல்லார் பேரையும். வெட்டாத பிரதியைத் தேடி ஏத்துங்க, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா வரட்டும், யாரும் செத்துப்போக மாட்டாங்க.

வைஜெயந்திமாலாவை எடுத்துக்கோங்க, திருவல்லிக்கேணிப் பொண்ணு. 'தேவதாஸ்'ல சந்திரமுகியா வந்ததுக்குத் துணை நடிகை விருது கொடுத்தாங்க. என் பாத்திரம் துணைப் பாத்திரம் இல்ல, கதாநாயகி பார்வதிக்குச் சமமானதுன்னு சொல்லித் திருப்பிட்டாங்க. இருபதைத் தாண்டினாங்களோ இல்லையோ, அந்த வயசுல! 1961-ல 'கங்கா ஜமுனா'. கிராமத்துப் பொண்ணு தன்னோ. பேசறது நாம பள்ளிக்கூடத்துல கேக்குற இந்தி இல்ல, அவதி பேச்சுவழக்கு. அதைத் தமிழ்நாட்டுல வளந்த ஒரு பொண்ணு திலீப் குமாருக்கு எதிர்ல நின்னு, அந்த மண்ணுலயே பிறந்தவ மாதிரிப் பேசி, வாக்குவாதம் பண்ணி, சிரிச்சு, அந்த வருஷத்துச் சிறந்த நடிகை விருதை வாங்கிட்டு வந்திருக்காங்க. இனிமே எவனாவது என்கிட்ட வந்து, வைஜெயந்திமாலாவா, அந்த ஹீரோவுக்கும் அவங்களுக்கும் ஏதோ இருந்துச்சாமேன்னு ஆரம்பிச்சா, அங்கேயே நிறுத்திடுவேன். 'கங்கா ஜமுனா' பாத்தியான்னு கேப்பேன். பாக்கலன்னா போய்ப் பாத்துட்டு வரட்டும், தன்னோவைப் பத்திப் பேசுவோம்.